என் பெயரிலும் இருக்கும் அந்தச் சாய்கோடு

மலேசியாவின் தெலுக் இந்தானில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு இந்த வாரம்தான் நோயாளிகள் பட்டியலை வெப் ஆப்பாகச் செய்து கொடுத்தேன். பெயரைத் தட்டினால் விவரம் திறக்கும்.

இன்று அங்கே வேலை செய்யும் மேரி அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, சீனவங்க, மலாய்க்காரங்க பேரெல்லாம் திறக்குது. நம்மாளுங்க பேரைத் தட்டினா பக்கமே இல்லைன்னு வருதுலா."

உடனே புரிந்தது. பெயரையே லிங்க்காக வைத்திருந்தேன். நம் பெயர்களுக்கு நடுவே, இன்னாரின் மகன், மகள் என்று காட்ட வரும் ஏ/எல், ஏ/பி சாய்கோட்டில் லிங்க் உடைந்துவிடுகிறது.

"முந்தாநாள் பாகான் டத்தோவிலேருந்து வந்த அண்ணனை, பதிவு இல்லைன்னு கவுண்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப ஐசியூவுல கிடக்கறாரு."

பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன்.

கொடுப்பதற்கு முன் நான் சோதித்துப் பார்த்த பெயர்கள் அலி, ஆ சோங்.

சொல்லுங்கள், உங்களுக்காவது முதலில் உங்கள் பெயர் ஞாபகம் வந்திருக்குமா?