குடமில்லாத வீணை

பூவாத்தாள் ஏமாந்துவிட்டாள் என்று சிரித்த தெருவில்தான் நானும் குடியிருக்கிறேன். ராசிபுரத்தில் நெசவாளர் தெரு. அவள் ஏமாறவில்லை என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் மருதாசலத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, தறிக்குழியில் அவளே இறங்கிப் பட்டுச்சேலை நெய்கிறாள். சேலம் ஜங்ஷன் ரயில்வே காலனியில் வீடுவீடாகக் காட்டி விற்பவளும் அவள்தான். அங்கே ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு வீட்டில்தான் அந்த கிட்டாரைக் கேட்டாள். கார்டின் மகன் யுத்த காலத்தில் கல்கத்தாவில் ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் வாங்கியதாம். அதை மடியில் கிடத்தி, ஒரு கையால் கம்பியைச் சுண்டி, மறு கையிலுள்ள இரும்புத் துண்டை அதன்மேல் இழுக்க வேண்டும். சத்தம் வயர் வழியாக ஒரு பெட்டிக்குப் போய், அங்கிருந்து பெரிதாகி வரும்.

சுதந்திரம் வந்த வருஷம் அந்தக் குடும்பம் சீமைக்குக் கப்பலேறப் புறப்பட்டது. பெட்டியை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். வயரோடு கிட்டார் மட்டும் மிஞ்சியது. பூவாத்தாள் மயில்கழுத்துக் கரை போட்ட அரக்குச் சேலையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெருப் பெரியதனக்காரர் தண்டாயுதபாணி பார்த்துவிட்டார். கிட்டாரைத் திருப்பித் திருப்பித் தட்டினார்.

"ஏம்புள்ள, வீணைன்னா கொடம் இருக்கோணும். இது வெறுங்கட்டை. வெந்நி காச்சத்தான் ஆவும்."

"பெட்டியில மாட்டுனாப் பேசுமுங்க மாமா."

"பெட்டி எங்க?"

அவள் கிட்டாரை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"மாரியாயி நோம்பிப் பந்தலப் பிரிக்கற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பேசலீன்னா அடுப்புல வெச்சுரு. சேலையக் கொடுத்து வெறகு வாங்குனாங்கன்னு ஊரு சிரிக்கக் கூடாது."

"செரிங்க. பேசுச்சுன்னா?"

"பேசுனா உன்ற இஷ்டம். ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

அன்று முதல் தறி ஓய்ந்த நேரமெல்லாம் அவள் கிட்டாரோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கொசு பாடுவது போலத்தான் கேட்கும்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலியே" என்றார் மருதாசலம்.

"தாடையக் கட்டைமேல வெச்சுப் பாருங்க."

வைத்தார். கண்கள் விரிந்தன. "அட, பல்லுக்குள்ளல்ல பாடுது!"

மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு கம்பி அறுந்தது. இழை அறுந்தால் இழையைப் போடுவதுதான் எங்கள் தெருவின் வழக்கம். அவளும் அப்படியே செய்தாள். பட்டு நூலை எட்டு இழையாக முறுக்கி, மெழுகு தேய்த்து, கம்பியின் இடத்தில் கட்டினாள். தாடையை வைத்துக் கேட்டாள். மற்ற ஐந்தையும்விட இனிமையாக இருந்தது.

நோன்பிக்கு ரஹமத்துல்லா பாய் மைக் செட் கட்டியிருந்தார். நோன்பி நாட்களில் பெரியதனக்காரர் அவளை மைக் பக்கமே விடவில்லை. மறுநாள் காலை, பாய் எல்லாவற்றையும் அவிழ்க்க ஆரம்பித்தபோது அவள் கிட்டாரோடு போய் நின்றாள். பாய் கிட்டாரின் வயரைப் பார்த்தார்.

"மைக்கு வயராட்டமே இருக்குது தங்கச்சி. பாட்டரி இன்னுங் கொஞ்சம் தாங்கும். உக்காரு."

அந்த நேரத்தில் தெருவில், தறியில் ஏற்றப்போகும் தண்டாயுதபாணியின் பாவு நூல் விரிந்திருந்தது. கஞ்சி தோய்ந்த நூல் தெருவின் நீளத்துக்கு நிற்கும். இருபுறமும் ஆட்கள் நின்று, காயும்வரை மட்டையால் நீவ வேண்டும். கையை எடுத்தால் இழையோடு இழை ஒட்டிப் பாவே பாழ். யாரும் இடத்தை விட்டு நகர முடியாது. பூவாத்தாளுக்கு அது தெரியும்.

முதல் கம்பியைச் சுண்டி இரும்பை இழுத்தாள். வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வந்த சத்தத்தில் காக்கைகள் எழும்பிப் பறந்தன. பாவு நீவியவர்கள் தலையை மட்டும் திருப்பினார்கள். இரண்டாவது கம்பி, மூன்றாவது, எல்லாம் முழங்கின. கடைசியில் பட்டு நூல். அதைச் சுண்டினாள். குழாயில் ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினாள்.

"ஊமை!" என்று கத்தினார் தண்டாயுதபாணி. பாவு நெடுகச் சிரிப்பு ஓடியது.

பாய் குனிந்து பார்த்தார். "கம்பிக்குக் கீழ காந்தம் இருக்குது தங்கச்சி. அது இரும்பத்தான் கண்டுக்கும். பட்டு நூல அதுக்குத் தெரியாது."

பூவாத்தாளின் முகம் ஒரு கணம் வாடியது.

"முழுசாப் பேசலீல்ல? அடுப்புக்குக் கொண்டா" என்றார் பெரியதனக்காரர், மட்டையைக் கீழே வைக்காமலே.

அவள் எழுந்தாள். அந்தப் பட்டு நூலை மட்டும் அவிழ்த்து, நேராகப் போய் அவர் தோளில் போட்டாள்.

"பேசாதது இது ஒண்ணுதானுங்க மாமா. இத வெச்சு வெந்நி காச்சிக்குங்க."

திரும்பி வந்து, ஐந்து கம்பியில் மாரியம்மன் கும்மி மெட்டை வாசிக்கத் தொடங்கினாள். அங்கங்கே பிசகியது. பிசகிய இடத்துக்கே திரும்பிப் போய்ச் சரியாக வாசித்துவிட்டு மேலே போனாள். அத்தனை பேரும் நின்று கேட்டார்கள், வேறு வழியில்லை.

"போதும் நிறுத்து புள்ள!"

"உங்க பாவு காயட்டுமுங்க மாமா" என்றாள் பூவாத்தாள், தலை நிமிராமல்.