கோபம் வந்தால் படுத்துவிடும் மாஸ்டர்

பட்டப்பகல் பதினொரு மணி. பாதி மீசை எடுத்த நிலையில் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு, சவரக் கத்தியைத் தட்டில் வைத்தார் சலூன் மாஸ்டர். பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைச் சாய்த்து, அதில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"ஐயையோ, மாஸ்டருக்கு என்னமோ ஆயிடுச்சு! யாராவது வாங்களேன்!" முகத்தில் நுரையோடு வாடிக்கையாளர் அலறினார்.

"ஒண்ணும் ஆகல. போன் பேசிக்கிட்டே தலையை ஆட்டாதீங்கன்னு மூணு தடவை சொன்னேன். கோபம் வந்துடுச்சு. இப்பப் போயிட்டிருக்கு, ரெண்டு நிமிஷம் பொறுங்க."

தெருவில் அவருக்குக் 'குக்கர்' என்றுதான் பெயர். எப்போது விசில் அடிப்பார் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, பூவைப் போன்ற கை! அக்கம்பக்கத்தில் பிள்ளை பிறந்தால் ஏழாம் நாள் முடி இறக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கத்தி பட்டால் பச்சைக் குழந்தை தூக்கம்கூடக் கலையாது.

அந்தக் கைதான் இரண்டு வருடங்களுக்கு முன்பு தம்பியின் கன்னத்தில் இறங்கியது. தகப்பன் கண்மூடியபோது ஒன்பது வயதுப் பிள்ளை அவன். மகனைப் போல வளர்த்து, தொழில் கற்றுக்கொடுத்து, இரண்டாவது நாற்காலியை அவனுக்கென்றே வாங்கிப் போட்டவர் மாஸ்டர். ஒருவருக்கு முடியைக் கொஞ்சம் ஒட்ட வெட்டிவிட்டான் என்று, கடை நிறைய ஆள் இருக்கும்போது அறைந்துவிட்டார். தம்பி கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுப் போய், எதிர் வரிசையில் தனிக்கடை போட்டான்.

ஆறு மாதங்களுக்கு முன்பு ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே மனைவி சேதி சொன்னாள்.

"உங்க தம்பி பொண்டாட்டி முழுகாம இருக்கா."

மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்! முடி நான்தானே இறக்குவேன்?"

"ஆசைதான்! பச்ச மண்டைங்க. பாதியில உங்களுக்கு விசில் வந்துட்டா? உங்க கையில கொடுக்க மாட்டேன்னு அவளே சொல்றா."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆகும் கை, சொந்த ரத்தத்துக்கு ஆகாதா? அன்றிரவு தொழுகை விரிப்பைக் கண்ணீரால் நனைத்துவிட்டார் மனிதர்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இமாம் தற்செயலாகக் கோபத்தைப் பற்றித்தான் பேசினார். நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும், அப்போதும் அடங்காவிட்டால் படுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் சொல்லியிருப்பதாக அவர் சொன்னபோது, மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ தன் காதில் மட்டும் சொன்னதுபோல இருந்தது.

சொல்வது சுலபம். முதல் வாரம், உட்காரவேண்டும் என்ற நினைப்பே கூச்சல் போட்டு முடித்த பிறகுதான் வந்தது. அடுத்த வாரம் உட்கார்ந்துகொண்டே கத்தினார். மூன்றாவது வாரம், போட்டோ காட்டி இதே மாதிரி வெட்டச் சொன்ன ஒருவரை, "அதுக்கு முதல்ல தலையில முடி இருக்கணும்!" என்று சீறிவிட்டார். வந்தவர் கழுத்தில் கட்டிய துணியோடு கிளம்பிவிட்டார். மாஸ்டர் சீப்பும் கையுமாகத் தெருவில் துரத்திப் பிடித்து, "தப்பு என் மேலதாங்க, மன்னிச்சுக்குங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரியாகத் தம்பி கடை வாசல். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தம்பி கத்தரிக்கோலோடு அசையாமல் நின்றான். அண்ணன் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல்லை அவன் கேட்பது அதுவே முதல் தடவை.

வீட்டுக்கு வந்து, "என்னால முடியாது, விட்டுடுறேன்" என்று புலம்பியவரிடம் மனைவி சொன்னாள்: "நாளைக்கு விடிகாலை பஜ்ர் தொழுகைக்கு எழுந்திருப்பீங்கல்ல? எழுந்திருங்க. அது வேற நாள்."

எழுந்தார். தினமும் எழுந்தார். உட்கார்ந்தார், படுத்தார், சிரிப்புக்கு ஆளானார். மாதங்கள் போகப்போகப் படுக்கை குறைந்தது.

தம்பிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நாட்கள் நகர்ந்தன. அழைப்பு வரவில்லை. ஆறாம் நாள் மாலை, கதவைத் தள்ளிக்கொண்டு தம்பியே உள்ளே வந்தான். தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான்.

"முடி வெட்டணும்."

மாஸ்டர் விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இடது பக்கம் ஏறியிருக்கு."

சரிசெய்தார்.

"இப்ப வலது பக்கம் தொங்குது. இதுதான் உங்க வேலையா?"

அதையும் சரிசெய்தார்.

"நாலு நாள் கத்துக்கிட்டவன்கூட இதைவிட நல்லா வெட்டுவான்."

மாஸ்டரின் காது சிவந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தபால்காரர் எழுந்து இடம் விட்டார். "நீங்க படுங்க மாஸ்டர், நான் நின்னுக்கிட்டே படிச்சுக்கிறேன்."

கால் வெளியே தொங்கப் படுத்திருந்தவரின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. "தம்பி, அன்னிக்கு இப்படிப் படுத்திருந்தேன்னா உன் மேல கை வச்சிருக்க மாட்டேன். பாவி, நின்னுட்டேன். என்னை மன்னிச்சுடுடா."

கண்ணாடியில் தம்பியின் முகம் உடைந்தது. கழுத்துத் துணியோடு ஓடிவந்து பெஞ்சருகே மண்டியிட்டான். "அண்ணே, முடி நல்லாத்தான் இருக்கு. நாளைக்குப் பிள்ளையை உங்க கையில கொடுக்கலாமான்னு பார்க்க வேணும்னேதான் குறை சொன்னேன்."

"வேணும்னேவா?" மாஸ்டர் விருட்டென்று எழப் பார்த்தார்.

"படுங்க, படுங்க!" என்றார் தபால்காரர்.

மறுநாள் காலை தம்பி வீட்டில், துண்டில் சுற்றிய பிள்ளையைத் தம்பி மடியில் ஏந்திக்கொள்ள, மாஸ்டர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தியை வைத்தார். அறை வாசலில் பிள்ளையின் தாய் நிலையை இறுகப் பிடித்தபடி இமைக்காமல் நின்றாள். முதல் கீற்று இறங்கியதும் பிள்ளை வீறிட்டு, ஒரு உதை விட்டு, பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையை நெஞ்சிலிருந்து வயிறுவரை நனைத்தான். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அட ராஜா, பெரியப்பாவை இப்பவே குளிப்பாட்டுறியா?" கத்தியைத் தள்ளிப் பிடித்தபடி, தோள் குலுங்கச் சிரித்தார் மாஸ்டர்.

பிள்ளையின் தாய் நிலையிலிருந்து கையை எடுத்தாள். "அக்கா, அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்கிடும்" என்று மாஸ்டரின் மனைவியிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுக்களைக்குள் போனாள்.