தலகாணியும் கூடத்துச் சுவரும்

மெத்தையை நிமிர்த்திச் சாத்தி இரண்டு உள்ளங்கையாலும் தட்டிக்கொண்டே போவான். பஞ்சு எங்கே கட்டி தட்டியிருக்கிறதோ அங்கே கை நிற்கும். வாங்க வந்தவர்கள், ஆள் ரொம்ப அக்கறையாகச் சோதிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதிதான் உண்மை. வலது கை ஒரு கணக்கிலும் இடது கை வேறு கணக்கிலும் போவதை உற்றுப் பார்த்தால் விஷயம் புரியும்.

"என்னப்பா, மெத்தை தேறுமா தேறாதா?"

"இருங்கம்மா, சரணம் முடியட்டும்."

கல்லாவிலிருந்து மச்சான் இருமுவார். கை நின்றுவிடும்.

தலகாணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். உடம்பும் ஏறக்குறைய அந்த வடிவம்தான். நாற்பதைத் தொடப் போகிற வயது. தலைமுடியிலும் சட்டைக் காலரிலும் எந்நேரமும் பஞ்சு. கடை அந்த மச்சானுடையது, மனைவியின் அண்ணன். குடியிருக்கிற மாடியும் அவருடையதுதான். காலையில் கடை திறந்ததிலிருந்து "மாப்ள, இத எடு. மாப்ள, அத அங்க போடு" என்ற குரல் ஓயாது. ஷட்டரை இறக்கிய பிறகுதான் அந்த வாய் மூடும். அதற்கப்புறம் கடைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் தலகாணிதான் ராஜா. அவன் குச்சியைத் தூக்காமல் அங்கே ஒரு பாட்டும் தொடங்காது.

ஊரில் புதிதாகக் கிளம்பியிருக்கும் ராக் பேண்டுக்கு அதுதான் பிறந்த வீடு. பாடுகிறவன் ஜெராக்ஸ் கடைக்காரன். கிட்டார் வாசிப்பவன் லிப்ட் மெக்கானிக். டிரம்ஸ் தலகாணி. இன்னொரு கிட்டாருக்கு ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆரம்பத்தில் மெக்கானிக் வீட்டு மொட்டை மாடியில் வாசித்துப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்து, அவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி இறக்கிவிட்டார். அப்போது கிடங்கைக் காட்டியவன் தலகாணி. நாலு பக்கமும் கூரை வரை மெத்தை. உள்ளே இடியே விழுந்தாலும் தெருவில் படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்காது. மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பெரிய டிரம்மின் முகத்தில் கடைப் பெயர் இருக்க வேண்டும். பேண்டுக்குப் பெயர் வைப்பதில் மூன்று பேருக்கும் ஒத்துப்போகவே இல்லை. அதனால் இன்றைக்கும் அதில் இருப்பது மெத்தைக் கடையின் பெயர்தான்.

மெத்தை சத்தத்தைக் குடித்துவிடும். அடித்தது அடித்த இடத்திலேயே அடங்கிவிடும். "நம்ம அடி சுத்தம்பா. ஒரு பிசிறு காட்டு பாப்போம்" என்று தலகாணி பீற்றிக்கொள்வான். அந்தச் சுத்தத்தில் பாதி பஞ்சினுடையது என்று அவனுக்கும் தெரியாது, கூட இருந்த இரண்டு பேருக்கும் தெரியாது.

முதல் மேடை, குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா. நீளமான கூடம். வழுவழுப்பான தரை, வெறும் சுவர். மைக் சரிபார்க்க வேண்டிய நேரத்தைச் சங்கத் தலைவர் பேசியே தின்றுவிட்டார். தலகாணி முதல் அடியைப் போட்டான். அதே அடி கூடத்தின் கடைசிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவன் கை ஒரு நொடி தயங்கியது. அடுத்த அடி தாமதமானது. சுவரும் தாமதமாகவே திருப்பிக் கொடுத்தது. இரண்டாவது சரணத்தில் பாட்டு, சுமை ஏற்றிய வண்டி மேடு ஏறுவதுபோல முனகியது. பாட்டு முடிந்ததும் ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து, டிரம்மைக் காட்டி, பழைய மெத்தையை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது ஜெராக்ஸ் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டா அப்படி இழுத்த?"

"நான் எங்கடா இழுத்தேன்? பின்னாடி ஒருத்தன் லேட்டா அடிச்சான். சரி, வந்து சேரட்டும்னு நின்னேன்."

"பின்னாடி செவுருடா இருந்துச்சு."

"அந்தச் செவுருதான்."

மெக்கானிக் சிரித்துவிட்டான். ஜெராக்ஸ் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மெஷின்ல தாளம் போட்டுக்குறேன். அது செவுத்துக்கெல்லாம் மரியாத குடுக்காது."

 மறுநாளிலிருந்து தலகாணி மாடிப்படியில் நின்று கைதட்டத் தொடங்கினான். தட்டுவான், காதைத் தீட்டுவான், மறுபடி தட்டுவான்.

"யாருக்குங்க கைதட்டுறீங்க?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"செவுத்துக்கு. திருப்பி எனக்கே தட்டுது."

"தட்டட்டும் விடுங்க. இந்த வீட்டுல உங்களுக்குத் தட்ட அது ஒண்ணுதான் இருக்கு."

எத்தனை தட்டியும் பலனில்லை. திரும்பி வரும் சத்தத்துக்காகக் கை காத்துக்கொண்டுதான் நின்றது.

அடுத்த வாய்ப்பு அதே கூடத்தில் வந்தது. பஸ் டிரைவர்கள் சங்க விழாவுக்கு வர வேண்டிய கச்சேரிக்காரர்கள் வரவில்லை. தன் கடைப் பெயர் மேடையேறுவதைப் பார்க்க மச்சானும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஜெராக்ஸ், சொன்னபடியே அந்தத் தாள மெஷினைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தான். யாரும் பார்க்கவில்லை என்பது அவன் நினைப்பு. துண்டின் ஓரத்தில் ஒயர் தொங்கியதைத் தலகாணி பார்த்துவிட்டான்.

அவன் உட்காரும் ஸ்டூலுக்கு அவனே தைத்த ஒரு திண்டு உண்டு. மேடையில் எல்லோரும் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் குனிந்து அதன் தையலைப் பிரித்தான். ஒரு பிடி பஞ்சை எடுத்து உருட்டி இரண்டு காதிலும் அடைத்தான். பாடும்போது ஜெராக்ஸின் வலது குதிகால் தாளம் போடும். அதில் கண்ணை நட்டுவிட்டு அடித்தான். சுவர் என்ன கத்தியதோ, அவனுக்குத் தெரியாது. குதிகாலும் குச்சியும் ஒன்றாக இறங்கின.

குதிகால் நின்றது. குச்சியும் நின்றது. கூடம் முழுக்கக் கைகள் அசைந்ததைத்தான் அவன் பார்த்தான். ஜெராக்ஸ் திரும்பி என்னவோ சொன்னான்.

"என்னது?" என்று தலகாணி போட்ட கத்தலில் முன்வரிசை சிரித்தது.

"அடுத்த பாட்டுடா" என்று ஜெராக்ஸ் மறுபடி சொன்னான். பை கடைசி வரை திறக்கவில்லை.

விழா முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். தலகாணி காதிலிருந்த பஞ்சை எடுத்தான். விரலால் பிய்த்து உதறித் திண்டுக்குள்ளேயே திரும்பத் திணித்தான்.

"மாப்ள, வண்டி வந்து நிக்குது. பெரிய டிரம்ம எடு மொதல்ல" என்று வாசலிலிருந்து மச்சான் கூப்பிட்டார்.

தலகாணி சின்ன டிரம்மில் ஒரே ஒரு அடி போட்டான். தலையைச் சாய்த்து, மச்சானைப் பார்த்து இடது கையைத் தூக்கி 'இருங்க' என்று காட்டினான். அடி கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்து சேர்ந்த பிறகுதான் அந்தக் கையை இறக்கினான்.