பூசணி ஏலம் போன விமானம்

காய்கறிச் சந்தையில் அவனுக்கு வெண்கலம் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்று கேட்கவே வேண்டாம், அவன் வாயைத் திறந்தால் போதும், புரிந்துவிடும். சந்தையின் ஒரு முனையில் நின்று அவன் தக்காளிப் பெட்டியை ஏலம் விட்டால் மறு முனையில் கீரை விற்பவள் தன்னைத்தான் கூப்பிடுகிறானோ என்று திரும்பிப் பார்ப்பாள். இவனுக்கு ஒரு மைக் வாங்கித் தரலாமா என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, மைக் பாவம், விட்டுவிடுங்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லிவிட்டார். ரகசியம் பேசும் கலை மட்டும் அவனுக்கு இன்றுவரை கைவரவில்லை. 'யாருக்கும் சொல்லிடாதீங்க' என்று அவன் ஆரம்பித்தால் தெருவே காதைத் தீட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்டவன் போயும் போயும் ஒரு நூலகரின் மகளைக் கட்டிக்கொண்டான். மழைக்கு ஒதுங்கப் போய் வந்த வினை அது. நூலகத்துக்குள் நுழைந்தவன், பேப்பர் எங்கே இருக்கிறது என்று, தன் கணக்கில் மெதுவாகத்தான் கேட்டான். படித்துக்கொண்டிருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. நூலகர் உதட்டில் விரலை வைத்து அவனை முறைத்தார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மகள் சிரிப்பை அடக்க முடியாமல் அலமாரிக்குப் பின்னால் ஓடினாள். அந்தச் சிரிப்பைத் தேடிக்கொண்டு அவன் மழை பெய்யாத நாட்களிலும் நூலகத்துக்குப் போனான். கல்யாணம் முடிந்தது, மாமனார் ஓய்வு பெற்றுத் தன் ஊருக்கும் போய்விட்டார். மாப்பிள்ளையோடு அவர் பேசிய பேச்சை எண்ணிவிடலாம். பெரும்பாலும் விரல்தான் பேசும்.

பிறகு பூசணி பிறந்தாள். கையில் வாங்கிய நர்ஸே உருண்டை என்று சொல்லிச் சிரித்த பிள்ளைக்கு வேறென்ன பெயர் நிற்கும். நிஜப் பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் தவழ ஆரம்பித்த சமயத்தில் அம்மாவுக்கு ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்தது. ஆனால் முதலில் பயிற்சி, அதுவும் விமானத்தில் போகிற தூரத்தில் இருக்கும் நகரத்தில். புட்டிப்பாலுக்கும் மசித்த வாழைப்பழத்துக்கும் மகளைப் பழக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கிளம்பிப் போனாள்.

வெண்கலம் அலட்டிக்கொள்ளவில்லை. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் பை ஒன்றை வாங்கினான், விடிந்ததும் பூசணியை அதில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனான். அப்பாவின் நெஞ்சுக்கூட்டிலிருந்து ஏலம் கிளம்பியதுமே அவள் கண் சொக்கிவிடும். வெண்டைக்காய் தொடங்கி வெங்காயம் முடியும்வரை அசைய மாட்டாள். வண்டிச் சத்தம், மூட்டை இறக்குகிற சத்தம், சண்டை எதுவும் அவளை எழுப்பாது. ஏலம் ஓய்ந்து சந்தை அமைதியானால்தான் பதறி விழிப்பாள்.

ஒருநாள் மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு சந்தைக்கே வந்துவிட்டார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், அந்தக் கூச்சலில், பேத்தி வாயைப் பிளந்து தூங்குவதைக் கண்டதும் அவருக்கு மயக்கம் வராத குறை. வீட்டுக்கு வந்த பிறகும் அன்றைக்கு விரல் போதவில்லை. குழந்தையைத் தன் ஊருக்குக் கொண்டுபோகிறேன், பள்ளிக்கூடம் சேர்க்கிறவரை அமைதியான வீட்டில் வளரட்டும், பெற்றவர்கள் லீவு கிடைக்கும்போது வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஏலம் காலையிலேயே முடிந்துவிடும், மனைவி பயிற்சி முடிந்து வந்து வேலைக்குப் போனபின் பகலெல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்று வெண்கலம் மன்றாடினான். மன்றாடியதை மூன்று வீடு தள்ளி இருந்தவர்களும் கேட்டார்கள்.

போனில் இருவர் பேச்சையும் கேட்ட மனைவி சுருக்கமாக முடித்துவிட்டாள். இரண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வாருங்கள், வழியில் பேசி முடிவு செய்யுங்கள், விமானத்தை விட்டு இறங்கும்போது எனக்கு ஒரே பதில் வேண்டும். மாமனார் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. மாப்பிள்ளை எப்படிச் சமாளிக்கிறார் என்று கூட இருந்து பார்ப்பேன், ஆனால் விமானத்தில் அந்த ஏலக் கூச்சல் கூடவே கூடாது. வெண்கலம் தலையை ஆட்டினான். வேறு வழி?

விமான நிலையத்தில் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. சோதனைக்காரர் பைக்குள் கைவிட்டு வாழைப்பழ மசியலை வெளியே எடுத்து, இது என்ன என்று சந்தேகமாகப் பார்த்தார். வெண்கலம் ஒரு கரண்டி தின்று காட்டினான். பூசணிக்கு அது பொறுக்கவில்லை, தன் சாப்பாட்டை அப்பா தின்கிறாரே என்று கிண்ணத்தை எட்டித் தட்டினாள். சோதனைக்காரரின் சட்டையில் வாழைப்பழம் அப்பிக்கொண்டது. அவர் அதைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, பழம்தான், போகலாம் என்று விட்டார். மாமனார் கொஞ்ச தூரம் தள்ளி நின்று, இவர்கள் யாரோ என்பதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் மேலே ஏறும்போது காது அடைக்கும், அப்போது புட்டியைக் கொடு என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். வெண்கலம் சரியான நேரத்தில் புட்டியை வைத்தான். பூசணி மேகம் தாண்டும்வரை சப்பினாள், ஏப்பம் விட்டாள், சிரித்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமனார் மெச்சுவதுபோல் லேசாகத் தலையசைத்தார். அவ்வளவுதான், வெண்கலத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்துவிட்டான்.

முன் சீட்டில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் இருந்தார். பூசணிக்கு அந்தத் தலையை ரொம்பப் பிடித்துப்போனது. எட்டி இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் திரும்பிப் பார்த்து, இன்னும் இரண்டு தட்டு என்று தலையைச் சாய்த்துக் காட்டிய நல்ல மனிதர். தட்டின சந்தோஷத்தில் பூசணி தன் அடிப்பாகத்து வேலையையும் முடித்துவிட்டாள். வாசனை வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

விமானத்துக் கழிப்பறை வெண்கலம் ஒருவன் நிற்கவே காணாது. அதற்குள் சுவரோடு மடக்கியிருந்த சின்னப் பலகையை விரித்து, அதில் பூசணியைக் கிடத்தி, ஒரு கையால் அவளைப் பிடித்து, இன்னொரு கையால் துடைத்து, பல்லால் புது டயப்பரைப் பிரித்து அவன் பட்டபாடு கொஞ்சமல்ல. முழங்கை எங்கெங்கோ இடித்தது, அழைப்பு மணியிலும் இடித்தது. கூப்பிட்டீர்களா என்று பணிப்பெண் கதவைத் தட்டினாள். இல்லை என்று இவன் சொல்ல, முதுகு மறுபடியும் மணியை அழுத்த, அவள் மறுபடியும் தட்ட, பூசணிக்கு இது நல்ல விளையாட்டாகப் போயிற்று. கெக்கலித்துச் சிரித்தாள். வெளியே வரும்போது பிள்ளை பளிச்சென்று இருந்தாள், அப்பாவின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த கண்ணாடிக்கார அம்மா வழிவிட எழுந்து, கூடவே மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

பிறகுதான் வினை. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தார்கள், ஜன்னல்களை மூடினார்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடினார்கள். விமானம் முழுவதும் அமைதி. பூசணி தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்த்தாள். உதடு பிதுங்கியது. சந்தை எங்கே போனது என்ற பயமோ என்னவோ, வீறிட்டு ஒரு அழுகை எடுத்தாள் பாருங்கள், குரல் யாருடைய சொத்து என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வெண்கலம் புட்டியைக் கொடுத்தான், தள்ளினாள். தோளில் போட்டான், முதுகை வளைத்தாள். கண்ணாடிக்கார அம்மா சாவிக்கொத்தை ஆட்டினாள், வழுக்கைக்காரர் தலையைக் கொடுத்தார். எதுவும் பலிக்கவில்லை. மாமனார் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு, நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தார். உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்றார். அறுபது வயதுக்காரர்களே அடங்கிப்போன விரல் அது. பூசணி அந்த விரலைப் பிடித்துக் கடித்துவிட்டு இன்னும் ஒரு கட்டை ஏற்றி அழுதாள். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பிவந்த மாமனார் அவளை அப்பாவிடம் கொடுத்தார்.

"சந்தைக்குப் பழக்கினதால வந்த வினை மாப்பிள்ளை. அடுத்த வாரமே என்கூட வந்துடட்டும்."

தோற்றாகிவிட்டது. இனி வாக்கைக் காப்பாற்றி என்ன, காப்பாற்றாமல் என்ன? அழுது அழுது பிள்ளையின் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது, அதுவாவது தூங்கட்டும் என்று பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். மெதுவாகத்தான் ஆரம்பித்தான். மெதுவாக என்பது அவன் கணக்கு.

"பூசணி, பூசணி, பூசணி... காம்பு வாடாத பூசணி, தட்டிப் பாரு, கிண்ணுனு கேக்கும்... எட்டு, எட்டு, எட்டு, ஒம்பது யாரு, ஒம்பது யாரு..."

தூங்கியவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். பூசணியின் அழுகை சட்டென்று பாதியில் நின்றது. கண்ணாடிக்கார அம்மா தண்ணீர் கேட்பதற்காகக் கையைத் தூக்கினாள். தொழில் புத்தி சும்மா இருக்குமா, கண்ணாடிக்கார அம்மா ஒன்பது என்று இவன் கூவினான். வழுக்கைக்காரர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிப் பத்து என்றார். பின் வரிசையில் யாரோ சோம்பல் முறித்தார்கள், அது பதினொன்றாகியது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே கைகள் எழுந்தன. விமானமே சந்தையாகிவிட்டது. பணிப்பெண் ஓடிவந்தவள், அழுகை நின்றதைக் கண்டு, உட்கார்ந்து ஏலம் விடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பூசணிக்கு ஒரு விக்கல் வந்தது, கண் சொக்கியது.

மாமனாருக்கு முகம் ரத்தமாய்ச் சிவந்துவிட்டது. ஊர் பேர் தெரியாத இத்தனை பேர் நடுவில் பேத்தி ஏலம் போகிறாள். போதும், நிறுத்துங்கள் என்று ஐந்து விரலையும் விரித்து மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கையைக் காட்டினார்.

சந்தையில் விரித்த கைக்கு ஒரே அர்த்தம்தான். வெண்கலம் யோசிக்கவில்லை. வாய் தானாகப் பேசியது. ஐந்து கூடியது, மேலே யாரும் வரவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். தொடையில் ஒரு தட்டு. பூசணி தூங்கிப்போனாள்.

எல்லோரும் கைதட்டப் போனார்கள், பணிப்பெண் கும்பிட்டுத் தடுத்தாள். வெண்கலம் சிரித்தபடி எடுத்தவர் யார் என்று பார்த்தான். பார்த்ததும் பேயறைந்ததுபோல் ஆனான். மூன்றாம் தரம் சொன்னால் சொன்னதுதான், அதில் அவன் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. ஒருமுறை ஈ ஓட்டக் கையைத் தூக்கியவர் தலையில் ஒரு வண்டி முட்டைக்கோஸ் விழுந்தது. அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் விட்டுக் கெஞ்சியும் இவன் இளகவில்லை. இன்று சொந்த மகளை, தன் வாயாலேயே, அவளைக் கொண்டுபோகத் துடிக்கிறவருக்கே மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டான்.

"மாமா, நீங்க கை காட்டிட்டீங்க."

"நிறுத்துங்கன்னு காட்டினேன்."

"சந்தையில அதுக்கு அஞ்சு கூட்டறேன்னு அர்த்தம். மூணு தரம் சொல்லிட்டேன் மாமா. சரக்கு உங்களோடது."

மாமனார் சிரிக்கவில்லை. விதி என்றால் விதி என்று வாழ்ந்த மனிதர் அவரும். திருப்ப முடியாதா என்று கேட்டார். முடியாது என்றான் வெண்கலம், அவனுக்கே கேட்காத குரலில். அவன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பேசிய ரகசியம் அது. மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விமானம் இறங்க ஆரம்பித்தது. வெண்கலம் பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று அவள் தலைக்கு அடியில் கொடுத்த கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் இந்தச் சூடு இல்லாமல் நாளைக்கு எப்படி நின்று ஏலம் விடுவது என்று நினைத்தான், கண்ணீர் முட்டியது, துடைக்கவும் கை இல்லை. மாமனார் ஓரக்கண்ணால் பார்த்தார். கை வலிக்கவில்லையா என்று கேட்டார். வலிக்கிறது மாமா என்றான். கொஞ்ச நேரம் கழித்து, பையிலிருந்து வெளியே தொங்கிய சின்னப் பாதத்தை மாமனார் ஒரு விரலால் தொட்டார். பாதம் அசையவில்லை. சக்கரம் தரையில் மோதிய அதிர்ச்சிக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

இறங்கும்போது வழுக்கைக்காரர் மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்ல சரக்கு, ரொம்ப மலிவாக எடுத்துவிட்டீர்கள் என்றார். மாமனார் மரியாதையாகத் தலையசைத்தார். பின்னால் வந்த வெண்கலத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை.

வெளியேறும் கூடத்தில் மனைவி நின்றிருந்தாள். ஓடிவந்தாள். தூங்குகிற மகளின் உச்சியில் மூக்கை வைத்து அப்படியே நின்றாள். நிமிர்ந்தபோது கண் நிறைய நீர், முகம் நிறையச் சிரிப்பு. பிறகு ஆண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேசி முடிச்சீங்களா? யாருகிட்ட இருக்கப் போறா?"

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏலத்துல நான் எடுத்துட்டேம்மா. இனி இவ என்னோடது. அதுல மாத்தமில்ல."

வெண்கலம் தலையைக் குனிந்துகொண்டான். பையின் வாரை அவிழ்க்கக் கை போனது. மாமனார் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாப்பிள்ளைக்கு இரவல் கொடுத்திருக்கேன். கசக்காம, கிழிக்காம வெச்சுக்கணும்."

வெண்கலத்துக்குப் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் கேட்ட கேள்விக்கு அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்போ மாமா திருப்பித் தரணும்?"

மாமனார் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"தேதி போடல."