தலையிலிருந்து சொட்டிய தண்ணீர்

என் சித்தப்பாவுக்கு ஈரமான எதைக் கண்டாலும் குமட்டும். பிழைப்பு என்னவோ சலவைக் கடை. ஊரார் சட்டைகளை இடுக்கியால் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு இயந்திரத்தில் போடுவார். சித்தி தும்மினால் தட்டோடு அடுத்த அறைக்குப் போய்விடுவார். மூக்கொழுகும் வயதில் சொந்தப் பிள்ளைகளைத் தூக்கியதே இல்லை. ‘சுத்தக்காரர்’ என்று சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

சித்திக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. மருத்துவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். மூளைக்குள் நான்கு அறைகள். மேலே இரண்டு, ஆட்டுக்கொம்பு போல வளைந்தவை. நடுவில் ஒடுங்கிய மூன்றாவது. அதிலிருந்து நூல் போன்ற ஒரு வழியில் இறங்கினால் நான்காவது. இந்த அறைகளிலேயே நீர் ஊறி, அந்த வழியாக வெளியேறி, மூளையைச் சுற்றி ஓடி ரத்தத்தில் கலக்குமாம். ரத்தக்கட்டி நூல் வழியை அடைத்ததில் மேலறைகள் வீங்கிவிட்டன. அதனால்தான் நீரை வெளியே வடிக்க மண்டையில் துளையிட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள்.

“மண்டைக்குள்ள சாக்கடையா டாக்டர்?” என்றார் சித்தப்பா.

“நல்ல தண்ணிங்க. போக வழிதான் இல்ல.”

குழாயின் மறுமுனையில் தொங்கிய குடுவையை நர்ஸ் காட்டினார். “இது காது மட்டத்துலயே இருக்கணும். கீழ எறங்கினா அளவுக்கு மீறி வடிஞ்சு உயிருக்கே ஆபத்து. யாரும் கை வைக்காதீங்க.”

மறுநாள் சித்தி கண் விழித்துப் பேசினாள். சித்தப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இளஞ்சிவப்பாகச் சொட்டியதைத்தான் பார்த்தார். நான் தேநீர் வாங்கப் போன நேரத்தில் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, குடுவையைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, துண்டால் மூடிவிட்டார்.

திரும்பி வந்தபோது சித்தி தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். “தலை பொளக்குதுடா…”

“மாத்திரை போட்டா சரியாயிடும்” என்றார் சித்தப்பா.

நான் கத்தியதில் நர்ஸ் ஓடி வந்தார். துண்டை இழுத்தெறிந்து குழாயை அடைத்தார். “யாரு எறக்குனது?”

“பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு சிஸ்டர்…”

“ஒரு மாதிரியா? உங்க சம்சாரத்தோட உயிர் சார் அது!”

சித்தி வாந்தி எடுத்தாள். நான் தாங்கிப் பிடித்தேன். சித்தப்பா சட்டென்று இரண்டடி பின்னால் போனார். செருப்பில் பட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்தார். சித்தி அதைப் பார்த்துவிட்டாள்.

மாலைக்குள் உயிர் தப்பினாள். வாயைத் துடைத்துவிட்ட நர்ஸிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள்: “அவர இனிமே உள்ள விடாதம்மா.”

கதவுக்கு வெளியே நின்றவருக்கு அது தெளிவாகக் கேட்டது.

“பாவம், களைச்சுப் போயிருக்கா. தூங்கட்டும்” என்றார் என்னிடம், கிருமிநாசினியை விரலிடுக்கு விடாமல் தேய்த்துக்கொண்டு.