இக்காமா உறைக்குள் இருந்த அட்டை

என் சட்டைப்பையில் இப்போது ஓர் அட்டை எந்நேரமும் வெளியே தலைகாட்டிக்கொண்டிருக்கும். எனக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட உள்ளே தள்ளமாட்டேன். "ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா?" என்று மனைவி முகம் சுளிப்பாள். பார்க்கிறவர்கள் ஜாக்கிரதையான ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜாக்கிரதையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சவுதியில், ஜுபைலில் இதே மாதிரி ஓர் அட்டையை ஒளித்துவைத்து, ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நான்.

அங்கே ஒரு ரசாயன ஆலையில் எனக்குச் சாரம் கட்டும் வேலை. இரண்டாவது லீவில் ஊருக்கு வந்திருந்தபோதுதான் நோய் தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, கூடவே ஓர் அட்டையையும் தந்தார். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். "எனக்குச் சர்க்கரை நோய். நான் தடுமாறினால், உளறினால், குடித்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உடனே சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்." மேல் பையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொன்னார். மனைவி அதை பஸ் ஸ்டாண்டு கடையில் லேமினேட் செய்து கொண்டுவந்தாள்.

கண்ணில் படும்படி வைத்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்பது டாக்டருக்கு எங்கே தெரியும்? வலிப்பு இருப்பது தெரிந்துபோன பளு தூக்கும் வேலை செய்த ஒரு ரிக்கரை அந்த வாரமே அன்ஃபிட் என்று சொல்லி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தவன். அதனால் மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்தேன். அட்டையை இக்காமாவின் பிளாஸ்டிக் உறைக்குள் பின்பக்கமாகச் செருகிவிட்டேன். இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதி அப்போது ஒரு சின்னப் புத்தகம். அதன் முதுகில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

ரூமில் ஆறு பேர். என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில், அரியலூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவருடையது. என் சாரக் குழுவிலேயே வேலை. மெஸ்ஸில் போடும் ரொட்டி அவருக்குத் தொண்டையில் இறங்காது. வெள்ளை வாளி ஒன்றில் சோற்றில் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பார். விடிந்ததும் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பழையதைக் கரைத்துக் குடித்தால்தான் அவருக்குக் கை கால் ஓடும். ரூமே புளிச்ச வாடை அடிக்கிறது என்று நான்தான் கேலி செய்வேன். வெட்கமில்லாமல் அதில் ஒரு டம்ளர் பங்கும் கேட்பேன்.

அது நோன்பு மாதம். பகலில் சைட்டில் யாரும் வாயில் எதையும் போடக்கூடாது. ஒன்பது மணி டீயும் கிடையாது. அன்று பஸ் சீக்கிரமே வந்துவிட, வழக்கமான மாத்திரையை மட்டும் முழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் ஓடினேன். பதினொரு மணி வாக்கில் சர்க்கரை இறங்கி விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. பையில் மிட்டாய் இருந்தது. நோன்பு பிடித்தவர்கள் முன்னால் வாயில் போட மனம் வரவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதில் பாதிதான். எதற்குடா இந்த வேளையில் மிட்டாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் மீதி.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஃபோர்மேனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேனாம். நிற்க முடியாமல் ஆடினேனாம். குடிகாரப் பயல் என்று அவர் கத்தி, பெயர் எழுதிக்கொள்ள என் பையிலிருந்து இக்காமாவை உருவி, எழுதியதும் திரும்பச் செருகியிருக்கிறார். எனக்குத் தெளிந்தபோது நாக்கெல்லாம் தித்தித்தது. டீ கேபினில் சும்மா கிடந்த சர்க்கரையை அள்ளி வந்து, தண்ணீரில் கரைத்து, அண்ணன் எனக்குப் புகட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படித் தோன்றியது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நோயில் போய் நிற்குமே.

முதலுதவி ஆள் ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துவிட்டு, வெயில் மயக்கம் என்று சீட்டு எழுதினார். ஃபோர்மேன் அதை நம்பவில்லை. துணைக்கு அண்ணனோடு என்னை நாங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்கு அனுப்பி, அங்கே பொறுப்பாளரான கேம்ப் பாஸுக்குப் போனும் செய்துவிட்டார். மற்ற நால்வரும் டூட்டியில் இருந்ததால் ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். கேம்ப் பாஸ் வந்து கட்டில்களுக்கடியில் குனிந்தார். வாளியை இழுத்து மூடியைத் திறந்தார். நுரை கட்டியிருந்தது, வாடை குப்பென்று வந்தது.

"யே ஷராப் ஹை!" என்றார். சாராயமாம்.

"நை சாப், சாவல், சாவல்! சோறு சாப்!" அண்ணன் வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடிச் சோற்றை எடுத்துக் காட்டினார். அரிசியிலிருந்துதானே காய்ச்சுவார்கள் என்று கேம்ப் பாஸ் பதில் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இதைக் குடித்தாயா?" என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். "இங்கே நாலு வருஷமாக இருக்கிறாய். இந்த வெயில் உனக்குப் புதுசா? பிறகு எதனால் ஆடினாய்?"

கை தானாக மேல் பைக்குப் போனது. இக்காமா உறை தடிப்பாகத் தட்டுப்பட்டது. அதை வெளியே எடுத்து, திருப்பி, பின்னால் இருப்பதை நீட்டினால் போதும். என் வேலை போயிருக்கும், அண்ணன் வேலை நின்றிருக்கும். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஒட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"தெரியல சார்" என்றேன்.

சாயங்காலம் ரூம்காரர்கள் நால்வரும் ஆபீஸுக்குப் போய், அது எங்கள் ஊர்ச் சாப்பாடு என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். "அப்படியானால் அவன் எதனால் ஆடினான்?" என்று அங்கேயும் அதே கேள்விதான். என்னிடம் முதலுதவிச் சீட்டு இருந்ததால் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். நோன்பு மாதத்தில் போலீஸ் கேஸ் வேண்டாம் என்று அண்ணனுக்குச் சத்தமில்லாமல், விசாவை முடித்து ஊருக்கு அனுப்பும் எக்ஸிட் அடிக்க முடிவாயிற்று.

அதற்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவர் எதிர்க்கட்டிலில்தான் படுத்திருந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கும் இருந்தது. அடிக்கொரு தரம் பையைத் தொட்டுப் பார்ப்பேன், உறை பத்திரமாக இருக்கும், நிம்மதியாக இருக்கும். எவ்வளவு கேவலமான நிம்மதி என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நாலாம் நாள் மதியம் வேன் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அந்த அளவுக்காவது மனிதனாக இருந்தேன் என்று காட்டிக்கொள்ளத்தான். ஏறுவதற்கு முன்னால் அவர் சட்டைப்பையில் கைவிட்டு எதையோ எடுத்து என் கையில் வைத்தார். லேமினேட் செய்த அட்டை. என்னுடையது.

"அன்னைக்கு ஃபோர்மேன் இக்காமாவ உருவுனாரு பாரு, அப்ப கீழ வுழுந்துச்சு. தமிழ்ல எழுதியிருந்ததப் படிச்சிட்டுத்தான் சக்கரைக்கு ஓடுனேன்."

"அண்ணே, இத அவங்ககிட்ட நீங்களே காட்டியிருக்கலாமே" என்றேன். அதைச் சொல்லவும் எனக்கு வாய் இருந்தது.

"ஒன்னோடதுடா அது. நான் எப்படிக் காட்டுறது?"

வேனில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினான். அண்ணன் கோபமே இல்லாமல், ஒரு விவரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"அட்டையக் காணோம்னு தேடிக்கிட்டு எப்பவாச்சும் நீ எங்கிட்ட வருவேன்னு மூணு நாளா பையிலயே வச்சிருந்தேன் தம்பி."

நான் தேடவே இல்லை. எடுத்துக் காட்டலாம் என்று ஒரே ஒரு தடவை அந்த உறையைத் திறந்திருந்தால், அது அங்கே இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கும்.