வீணைப் பெட்டியில வெள்ளைக் காப்பி

போன வாரம் ஏர்போர்ட்ல ஒரு அண்ணே என் வீணைப் பெட்டியத் தொறக்கச் சொன்னாரு.

பூட்டி, பெல்ட்டு போட்டு, ‘உடையும்’னு எட்டு ஸ்டிக்கர் ஒட்டி வச்ச பெட்டி. (எட்டும் நானே ஒட்டுனது.)

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் பெரிய வித்வான் எல்லாம் இல்ல. பூச்சோங்ல ஒரு பல் கிளினிக்ல வேல. சனிக்கிழமையானா பிரிக்ஃபீல்ட்ஸ்ல வீணை கிளாஸ். நாப்பத்தி மூணு வயசுல முதல் தடவையா கடல் தாண்டி சென்னையில ஒரு சபாவுல வாசிக்கக் கூப்பிட்டாங்க. ஒரு மணி நேரம்.

அங்க போயி வேற வீணை வாங்கி வாசிக்கலாமேன்னு கேப்பீங்க. அது அடுத்தவங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு லோரி ஓட்டுற மாதிரி லா. என் கைக்கு என் வீணைதான்.

காஜாங்ல இருக்குற என் ஃப்ரெண்டோட வீணை போன வருஷம் ப்ளேன்ல போயி கழுத்து ஒடஞ்சு வந்துச்சு. அதனால நான் எல்லாம் படிச்சு, கேட்டு, ஒழுங்கா செஞ்சேன். தந்திய எறக்கிட்டேன். கழுத்துக்கு அடியில இருக்குற சுரைக்காயக் கழட்டித் தனியா சுத்திட்டேன். பெட்டியும் நல்ல தடிமனான பெட்டி.

அப்புறம்தான் கிள்ளான்ல இருந்து எங்கம்மா வந்தாங்க.

சென்னைச் சித்திக்கு வெள்ளைக் காப்பி ஆறு பாக்கெட், ஈக்கான் பிலிஸ் கருவாடு ரெண்டு கிலோ, தைலம் ஒரு டஜன் பாட்டில்.

சூட்கேஸ்ல எடம் இல்ல. வீணைப் பெட்டியில சுத்தி சுத்தி எடம் கெடக்கு. காலி எடத்தப் பாத்தா நம்ம ஆளுங்களால சும்மா இருக்க முடியுமா? நானும்தான். எடத்த அடைச்சா வீணை ஆடாதுன்னு எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கிட்டேன்.

ஓவர்சைஸ் லக்கேஜ் கவுண்டர்ல நின்ன அண்ணனுக்கு அம்பது வயசு இருக்கும்.

“உள்ள என்னம்மா?”

“வீணை.”

“வீணை மட்டுமா?”

“ஆமா அண்ணே.” (பொய்.)

அவரு பெட்டியோட ஒரு முனையப் பிடிச்சு, என்னை இன்னொரு முனையத் தூக்கச் சொன்னாரு. லேசா சாச்சோம். உள்ள கடகடன்னு சத்தம்.

“இந்த மெட்டெல்லாம் மெழுகுலதானே நிக்குது? இங்கயே இப்படி இடிச்சா, சென்னை போய்ச் சேர்றதுக்குள்ள எத்தன மெட்டு மிஞ்சும்?”

தந்திக்குக் கீழ வரிசையா இருக்குற பித்தளை மெட்டு மெழுகுல நிக்குதுன்னு இவருக்கு எப்படித் தெரியும்?

கேட்டேன்.

“போன வருஷம் ஒரு அம்மா சொன்னாங்க. நான் யாரு பெட்டி கொண்டு வந்தாலும் உள்ள என்ன, எது ஒடையும்னு கேட்டுக்குவேன். தெரியாத சாமான எப்படிம்மா சரியாத் தூக்குறது?”

தொறந்தேன். ஈக்கான் பிலிஸ் வாசம் கவுண்டர் பூரா. அண்ணே சிரிக்கல, அதுக்கே அவருக்கு ஒரு கும்பிடு.

“வெளிய எவ்வளவு தடியா இருந்தாலும் ஆபத்து உள்ளதான் இருக்கு. கெட்டியான சாமான் எல்லாத்தயும் எடுங்க. அப்புறம் இங்க பாருங்க, கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. பெட்டிய நிமித்துனா மொத்த பாரமும் இங்கதான் எறங்கும். மெத்துன்னு துணி இருக்கா?”

இருந்தது எல்லாம் சேலைங்க. நான் சூட்கேஸத் தொறந்ததும் அண்ணே டக்குனு அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. நான் “எடுத்துட்டேன்”னு சொல்ற வரைக்கும் திரும்பல. அந்த ஒரு நிமிஷத்துலயே எனக்கு அவரு மேல பெரிய மரியாத வந்துருச்சு.

கச்சேரிக்குன்னு அயர்ன் பண்ணி வச்ச அரக்குப் பட்டுச் சேலையையும் சேத்துச் சுருட்டி, கழுத்துக்குக் கீழ, குடத்தச் சுத்தி, மூடி அழுத்துற எடத்துல எல்லாம் வச்சோம். மறுபடி தூக்கிச் சாச்சாரு. சத்தமே இல்ல.

பெட்டிய உருட்டிவிடல அவரு. உள்ள இருந்து இன்னொருத்தரக் கூப்பிட்டு, “பெலான்-பெலான்”னு, அதாவது மெல்ல மெல்லன்னு சொல்லி, படுக்க வச்சே கொண்டு போகணும்னு மலாய்ல வெளக்கி, ரெண்டு பேருமா தூக்கிட்டுப் போனாங்க.

காப்பியும் கருவாடும் தைலமும் கார் பார்க்ல இருந்த என் வீட்டுக்காரர்கிட்ட திரும்பிப் போச்சு. (சித்தி ரெண்டு நாள் சரியாப் பேசல.)

சென்னையில பெட்டி தலைகீழா வந்துச்சு. சித்தி வீட்டுல தொறந்து மெட்ட எண்ணுனேன். இருபத்தி நாலு. நம்பாம மறுபடி எண்ணுனேன். இருபத்தி நாலும் அப்படியே நின்னுச்சு. கசங்குன பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் நிம்மதியா வாசிச்சேன்.

இன்னிக்குக் காலையில வந்து எறங்குனேன். வீட்டுக்குப் போகல. லிஃப்ட்ல ஏறி நேரா அந்தக் கவுண்டருக்குத்தான் போனேன்.

“அண்ணே, ஒண்ணும் ஆகல. நல்லா வாசிச்சேன். உங்களாலதான்.”

“அப்படியா, சந்தோஷம்மா.” பெட்டியையே பாத்துக்கிட்டிருந்தாரு. “இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலைதான். வயலின், தவில், வீணைன்னு எத்தனையோ ஏத்தி விட்டுட்டேன். எதுவும் எப்படிப் பாடும்னு பக்கத்துல இருந்து கேட்டதில்ல. நமக்கு எல்லாமே பெட்டிதான்.”

அவரு வருத்தமா ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் அப்படியே கெளம்பிப் போக மனசு வரல.

ஆளுங்க நடமாட்டம் கம்மியா இருந்துச்சு. ஒரு ஓரமா தரையில உக்காந்து பெட்டியத் தொறந்தேன். சுரைக்காய மாட்டி, தந்திய ஏத்தி, சுருதி சேக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. மோகனத்துல சின்னதா ஒரு பாட்டு வாசிச்சேன். அறிவிப்பு சத்தத்துல சரியாக் கேக்கலன்னு அண்ணே கீழ குந்தி, குடத்துக்கிட்ட காத வச்சுக்கிட்டாரு.

முடிச்சு நிமுந்து பாத்தா, கவுண்டர்ல ஒருத்தர் பெரிய சைக்கிள் பெட்டியோட காத்துக்கிட்டிருக்காரு.

அண்ணே எந்திரிக்கவே இல்ல. குந்துன எடத்துல இருந்தே அவரப் பாத்துக் கேட்டாரு.

“பாஸ், அவசரமா? இல்லன்னா இன்னொரு பாட்டு கேட்டுட்டு வந்துடுறேன்.”